அருவிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர்?

புதுச்சேரி கோரிமேட்டில் வசிப்பவருக்கு ஆறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சங்கராபரணி. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, மிச்சமிருந்தால் வில்லியனூர் வழியாக வந்து கடலைத் தொடும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் இரு கரையும் நிறைந்து ஓடினால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான். தெற்கே தென்பெண்ணைக்குச் சாத்தனூரில் கதவு போட்டாயிற்று. வட்டாரத்து ஆறுகள் எல்லாம் யாரோ திறந்து விட்டால்தான் வரும்.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் போய், "அங்கே ஓர் ஆற்றில் அணை கட்டக் கூடாது என்று பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள்" என்றால் வியப்பாகத்தான் இருக்கும். தண்ணீர் ஓடுகிறது, தேக்கினால் மின்சாரம் கிடைக்கும், தேக்கினால் என்ன? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாலக்குடி ஆற்றுக்குப் போக வேண்டும்.

அந்த ஆற்றைத் தமிழர்கள் பெயர் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் காதலர்கள் குதிக்கும் அருவி, 2010-ன் 'ராவணன்', 2015-ன் 'பாகுபலி' ஆகிய படங்களில் வரும் அருவி எல்லாம் ஒன்றே. திருச்சூர் மாவட்டத்து அதிரப்பள்ளி. சுமார் 80 அடி உயரம்; கேரளத்தின் பெரிய அருவி. இதற்குச் சற்று மேலே வாழச்சாலில் ஆறு பாறைகளின் மேல் நுரைத்துச் சரிகிறது. அதற்கும் மேலே, காட்டுக்குள்தான் கேரள மின் வாரியம் அணைக்கு இடம் குறித்தது.

புதுச்சேரிக்காரர்கள் இதை அடுத்த மாநிலத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நான்கு துண்டாகக் கிடக்கும் யூனியன் பிரதேசத்தில் மாஹேக்கு மின்சாரம் வருவது கேரள மின் வாரியத்திடமிருந்துதான். தமிழ்நாட்டுக்கோ இந்த ஆற்றோடு இன்னும் நெருக்கமான உறவு. சாலக்குடி ஆற்றின் கிளைகளில் பல ஆனைமலையில் பிறக்கின்றன. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. அங்கிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரில்தான் பொள்ளாச்சியின் தென்னையும் உடுமலைப்பேட்டை வயலும் நிற்கின்றன. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1958-லிருந்தே நடைமுறை என்று முன்தேதியிடப்பட்டது. அதன்படி மேல் சோலையாறு அணையிலிருந்து ஆண்டுக்கு 12.3 டிஎம்சி தண்ணீர் கேரளச் சோலையாறு அணைக்குத் தமிழ்நாடு தர வேண்டும்.

ஆக, சுமார் 145 கிலோமீட்டரே நீளமுள்ள ஓர் ஆற்றில் ஏற்கெனவே ஆறு அணைகள். தமிழ்நாடு இயக்குபவை நான்கு: மேலே சொன்ன மூன்றும் மேல் சோலையாறும். கேரளத்தினுடையவை இரண்டு: 1957-ல் மின்சாரம் தரத் தொடங்கிய பொரிங்கல்குத்து, 1966-ன் கேரளச் சோலையாறு. கீழே தும்பூர்முழியில் ஒரு தடுப்பணை. அதன் கால்வாய்கள் ஏறக்குறைய 14,000 ஹெக்டேருக்குப் பாசனம் தருகின்றன. அதிரப்பள்ளித் திட்டம் நிறைவேறியிருந்தால் ஏழாவது அணை.

இந்தச் சண்டையை மற்ற ஆற்றுச் சண்டைகளிலிருந்து பிரிக்கும் இடம் இதுதான். சாலக்குடி, மனிதன் கைபடாத ஆறு இல்லை. அறுபது வருடமாக வெட்டி, திருப்பி, பங்கு பிரித்த பிறகு, பொரிங்கல்குத்துக்குக் கீழே சில கிலோமீட்டர் தூரம் மட்டும் ஆறு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்துக்காகத்தான் வழக்கு, ஊர்வலம், ஆய்வு எல்லாம்.

திட்டத்தைக் காகிதத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். 23 மீட்டர் உயரம், 311 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் அணை. மூழ்கும் பரப்பு 104.4 ஹெக்டேர், சாலை, கட்டடம் எல்லாம் சேர்த்து எடுக்கும் காட்டு நிலம் 138.6 ஹெக்டேர். தேங்கிய தண்ணீரை அருவிக்கு அனுப்பாமல், 4.69 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் இறக்கி, கண்ணன்குழி ஓடைக்கு மேலே கட்டும் மின் நிலையத்தில் இரண்டு 80 மெகாவாட் எந்திரங்களைச் சுழற்றுவது. அந்த ஓடை வழியாகத் தண்ணீர் மீண்டும் ஆற்றில் சேரும், அருவிக்குக் கீழே. அணையின் காலடியிலேயே 3 மெகாவாட்டுக்கு இன்னொரு குட்டி நிலையம். மொத்தம் 163 மெகாவாட்.

163 என்ற எண் கம்பீரமாக இருக்கிறது. செய்தித்தாள் தலைப்புக்கும் அமைச்சர் பேச்சுக்கும் பொருத்தமானது. ஆனால் வீட்டுக்கு வரும் மின் கட்டண ரசீதில் மெகாவாட் கணக்கு இல்லை, யூனிட்தான் இருக்கிறது. வாரியம் சொன்ன ஆண்டு உற்பத்தி 23.3 கோடி யூனிட். அந்த எந்திரங்கள் வருடம் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 143 கோடி யூனிட் வர வேண்டும். அதாவது திறனில் ஆறில் ஒரு பங்கு. வருடம் முழுக்கச் சராசரியாகப் பிரித்தால் 27 மெகாவாட்டுக்கும் குறைவு. அந்த 23.3 கோடியும் தண்ணீர் வாரியத்தின் கணக்குப்படி வந்தால்தான். மேலே ஆறு அணைகளும் கிழக்கே திருப்பும் கால்வாய்களும் இருக்கையில் அவ்வளவு வராது என்பது எதிர்த்தவர்கள் வைத்த வாதம்.

அந்த வாதத்தை நீதிமன்றம் கேட்கும் அளவுக்குப் புள்ளிவிவரமாக்கியவர்களில் முக்கியமானவர் லதா அனந்தா. திருச்சூரில் நதி ஆராய்ச்சி மையத்தை நடத்தியவர். 2017 நவம்பரில் மறைந்தார். சாலக்குடிப் புழை சம்ரக்ஷண சமிதியோடு சேர்ந்து அவர் செய்த வேலையில் கோஷத்தைவிட நீர்வரத்து அட்டவணைகள் அதிகம். வாரியத்தின் பதிவேடுகளையே வாங்கி, மாதவாரியாகப் பிரித்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டு எதிர்வாதம் எழுதினார்கள். நம் ஊர்களில் சுற்றுச்சூழல் போராட்டம் என்றால் பதாகையும் மறியலும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. இங்கே பொறியாளர்களை அவர்கள் மேசையிலேயே சந்தித்தார்கள்.

அருவி வற்றிவிடும் என்ற பயத்துக்கு வாரியத்திடம் பதில் இருந்தது. நொடிக்கு 7.65 கன மீட்டர் தண்ணீரை எப்போதும் விட்டுக்கொண்டே இருப்போம், அருவி தெரியும், சுற்றுலா கெடாது என்றார்கள். இங்கேதான் சராசரி என்பது ஆளை ஏமாற்றுகிறது. மின்சாரத் தேவை ஏறுவது மாலை ஆறு, ஏழு மணிக்கு. ஆகவே மழையில்லாத மாதங்களில் பகல் முழுக்கச் சேர்த்து, இரவில் நான்கு மணி நேரம் எந்திரத்தை ஓட்டுவார்கள். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011 அறிக்கையில் இதையே சுட்டியது: அருவிக்குக் கீழே ஆறு ஒரு நாளில் 20 மணி நேரம் 7.65 கன மீட்டராக இளைத்துக் கிடக்கும். மீதி நான்கு மணி நேரம் அதைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு பெருகும்.

நாள் கணக்கில் மொத்தத் தண்ணீர் குறையவில்லையே என்று கேட்கலாம். தும்பூர்முழித் தடுப்பணையில் பெரிய தேக்கம் கிடையாது. பகலெல்லாம் சீராக வந்தால்தான் கால்வாயில் ஏறும். இரவில் மொத்தமாக வந்தால் மேலே வழிந்து கடலுக்குப் போகும். ஒரு வாரத்துச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமை ஒரே வேளையில் பரிமாறுவது போன்ற ஏற்பாடு. கடைமடை விவசாயியும் கிணற்றில் உப்பு ஏறுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் கடலோரப் பஞ்சாயத்தும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். காட்டை நேசிப்பவர்கள் மட்டும் எதிர்த்திருந்தால் அணை எப்போதோ எழுந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

மூழ்கவிருந்த 104 ஹெக்டேரில் 28.4 ஹெக்டேர் ஆற்றங்கரைக் காடு. கேட்டால், அவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவு தாழ்வான உயரத்தில், ஆற்றை ஒட்டி நிற்கும் பசுமை மாறாக் காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் எஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். சமவெளியை ஒட்டிய காடுகள்தான் முதலில் தேக்குத் தோட்டமாகவும் ரப்பராகவும் மாறின. பெரிய அணைகள் அங்கேதான் எழுந்தன. தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காட்டில் இருக்கின்றன. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவு இடுக்கு விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அதற்கு வயதான பெருமரம் வேண்டும். வேறு இடத்தில் கன்று நட்டு ஈடுகட்டும் 'மாற்றுக் காடு வளர்ப்பு' கணக்கு இந்தப் பறவையிடம் செல்லாது. பொந்து விழ நூறு வருடமாவது ஆகும்.

ஆற்றுக்குள் நூறுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 1999-ல் அறிவியல் பெயர் வைத்தபோது ஆற்றின் பெயரையே சூட்டினார்கள்: சாலக்குடியென்சிஸ். வண்ண மீன் கடைகளில் 'மிஸ் கேரளா' என்று விற்கும் மீனின் நெருங்கிய உறவு. பாறையிடையே ஓடும் வேகமான, காற்றோட்டமுள்ள நீரில் வாழப் பழகியவை இவை. தேங்கிய குளத்தில் திலாப்பியா பெருகும், இவை பெருகாது.

பிறகு காடர்கள். சாலக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், மலையின் இந்தப் பக்கம் ஆனைமலை, வால்பாறைக் காடுகளிலும் வாழும் பழங்குடி. மொத்தமே சில ஆயிரம் பேருக்குள்தான். தேன், குங்கிலியம், ஆற்று மீன் என்று வாழ்ந்தவர்கள். 1900-களின் தொடக்கத்தில் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கப் போட்ட டிராம் பாதை முதல், பிறகு வந்த அணைகள் வரை ஒவ்வொன்றும் இவர்களை நகர்த்தியது. பொரிங்கல்குத்துக்காக ஒரு தடவை, பரம்பிக்குளத்துக்காக இன்னொரு தடவை. அதிரப்பள்ளி அணை வந்தால் வாழச்சால், பொகலப்பாறை குடியிருப்புகள் நேரடியாகப் பாதிக்கப்படும். இந்தத் தடவை அவர்கள் நகரவில்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம் வந்திருந்தது. அதன் கீழ் 2014-ல் ஒன்பது காடர் குடியிருப்புகள் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மேல் சமூக உரிமை பெற்றன. வாழச்சால் ஊரின் தலைவி வி.கே. கீதா, கிராம சபையின் சம்மதமில்லாமல் திட்டமா என்று கேட்டு உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சை இறைச்சிக்காக எடுத்த சமூகத்தின் இளைஞர்கள் இன்று அதே கூடுகளுக்குக் காவலாளிகளாக, வனத்துறையோடு சேர்ந்து கணக்கெடுக்கிறார்கள்.

வழக்கின் கதை நீளமானது. சுருக்கிச் சொன்னால் போதும். 1998-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் அனுமதி கொடுத்தது. மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று 2001-ல் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2002-ல் திருச்சூரில் நடந்த கருத்துக்கேட்பில் எதிர்ப்பே மிகுந்தது. புதிய ஆய்வு வந்து, 2005-ல் இரண்டாவது அனுமதி. அந்த ஆய்வறிக்கையை மக்கள் முன் வைக்கவில்லை என்று 2006-ல் அதுவும் ரத்து. சாலக்குடியில் மறுபடி ஒரு கருத்துக்கேட்பு. 2007 ஜூலையில் மூன்றாவது அனுமதி. 2010-ல் ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்தபோது, அனுமதியை ஏன் திரும்பப் பெறக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. 2011-ல் காட்கில் குழு, அனுமதிக்கவே கூடாது என்றது. 2013-ல், காட்கில் அறிக்கையை மறுபரிசீலித்த கஸ்தூரிரங்கன் குழு, நீரோட்டக் கணக்கை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று கதவை லேசாகத் திறந்து வைத்தது.

2017 ஜூலையில் அனுமதியின் காலம் முடிந்தது. முடிவதற்குச் சற்று முன் திட்ட இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரை நிறுவிவிட்டு, வேலை தொடங்கிவிட்டது என்று கணக்குக் காட்டியது வாரியம். கேரள மின்துறை அமைச்சரே இதைச் சட்டமன்றத்தில் சொன்னார். இருபது வருடச் சண்டைக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் பதில் சொல்லும் என்று நம்பியவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கேரளத்தில் நிலக்கரி கிடையாது. தேவைப்படும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மாலை நேர உச்சத் தேவைக்குச் சட்டென்று ஓட்டவும் நிறுத்தவும் வசதியானது நீர்மின் நிலையம்தான். அதிரப்பள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத கொச்சி விமான நிலையம் 2015-லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது; ஆனால் சூரியன் ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். இதற்கெல்லாம் பதில், இன்னும் ஓர் அணை என்பதா, இருக்கும் அணைகளில் எந்திரத்தைப் புதுப்பிப்பதா, பகல் மின்சாரத்தைச் சேமித்து வைப்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. 163 மெகாவாட் பலகைக்குப் பின்னால் சராசரி 27 மெகாவாட்தான் என்று தெரிந்த பிறகு, முதல் வழி விலை அதிகமாகத் தெரிகிறது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பொரிங்கல்குத்து அணையின் தலைக்கு மேலேயே தண்ணீர் புரண்டு ஓடியது. அணை இருந்தால் வெள்ளம் அடங்கும் என்ற வாதத்தை அதற்குப் பிறகு சாலக்குடிக் கரையில் யாரிடமும் எளிதாக விற்க முடியவில்லை.

அளந்து விடும் அருவி எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. இலங்கை மலையகத்தில் போய்ப் பார்க்கலாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட், 2012-ல் இயங்கத் தொடங்கியது. நுவரெலியா போகும் சாலையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அகன்று விழும் சென் கிளேயர் அருவிக்குப் போகும் நீரை அது சுரங்கத்துக்குள் திருப்பியது. எதிர்ப்புக்குப் பிறகு ஒரு சமரசம்: பகல் வெளிச்சம் இருக்கும் நேரத்தில் குறிப்பிட்ட அளவு தண்ணீர் விடுவார்கள். சுற்றுலாப் பயணிக்கு அருவி இருக்கும். இரவில் மீனுக்கும் பாறைப் பாசிக்கும் இருக்காது. லயன் வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இடம் பெயர்ந்தன.

கேரளத்தில் அணையை எதிர்த்து வென்ற கதை என்றால் எல்லோரும் சொல்வது அமைதிப் பள்ளத்தாக்கைத்தான். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே சைரந்திரியில் அணை கட்ட 1973-ல் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி என்று பலர் எதிர்த்தார்கள். இந்திரா காந்தி கைவிடச் செய்தார். 1984 நவம்பரில் அது தேசியப் பூங்கா ஆனது. 1985-ல் ராஜீவ் காந்தி முறையாகத் தொடங்கி வைத்தார். அங்கே காப்பாற்ற ஒரு கன்னிக் காடு இருந்தது, சிங்கவால் குரங்கு என்ற முகமும் இருந்தது. அதிரப்பள்ளிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. ஏற்கெனவே அணைகளால் மெலிந்த ஆறு, பக்கத்தில் தேக்குத் தோட்டம், எண்ணெய்ப் பனைத் தோட்டம், சாலையில் சுற்றுலாப் பேருந்து. "இதில் இனிமேல் கெட என்ன இருக்கிறது?" என்று கேட்பவரிடம், கெட்டது போக மிஞ்சியதன் மதிப்பு கூடுகிறது என்று எண்களோடு நிறுவ வேண்டியிருந்தது. அது கடினமான வேலை. அமைதிப் பள்ளத்தாக்கைவிடக் கடினம் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியுலகமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அல்பேனியாவின் வியோசா ஆற்றில் பல அணைகள் திட்டமிடப்பட்டிருந்தன. 2023 மார்ச்சில் அந்நாடு அந்த ஆற்றையே தேசியப் பூங்காவாக அறிவித்தது. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நூறு வருடம் வரை நின்ற நான்கு நீர்மின் அணைகளை 2024-க்குள் இடித்து எடுத்தார்கள்; அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள் அந்த ஆற்றங்கரைப் பழங்குடிகள். அணை இடித்த சில வாரங்களில் சால்மன் மீன்கள் பழைய இடங்களைத் தாண்டி மேலே ஏறின. இந்தியாவில் ஆற்றை மீட்க அணை இடிப்பது பற்றி அதிகம் பேச்சில்லை. நீலகிரியில் சில்லஹல்லா போன்ற நீரேற்று மின் திட்டங்கள் புதிதாக வரைபடத்தில் ஏறுகின்றன. மலைக் காய்கறி விவசாயிகள் எதிர்க்கிறார்கள்.

அதிரப்பள்ளிக் கோப்பும் முழுதாக மூடவில்லை. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, கேரள அரசு மின் வாரியத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது. ஏழு ஆண்டு செல்லும் என்று. எதிர்க்கட்சிகளோடு ஆளும் கூட்டணியிலேயே இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்க்க, ஒருமித்த கருத்து இல்லாமல் இறங்குவதில்லை என்று அரசு பின்வாங்கியது. பழைய அனுமதிகள் காலாவதியாகிவிட்டதால் யார் மறுபடி தொடங்கினாலும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும்: புதிய சுற்றுச்சூழல் ஆய்வு, மக்கள் கருத்துக்கேட்பு, மத்திய மின்சார ஆணையத்தின் ஒப்புதல், வன நிலத்துக்கு அனுமதி. அந்த வன நிலத்துக்கு வாழச்சாலிலும் பொகலப்பாறையிலும் கூடும் கிராம சபைகளின் சம்மதமும் தேவை.